முந்திப் போட்ட பதிவு

பிப்ரவரி 12

தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். உன் முட்டி வலி எப்படி இருக்கு? உன் வீட்டுக்காரிக்குத் தும்மல் நின்னுச்சா? போன்ல பேசினா பாதி உன் காதுல விழாது, விழுந்த பாதியை நீ மறந்துடுவே. அதான் தாள்ல எழுதி அனுப்புறேன்.

ஒரு பெரிய வேலையை முடிச்சுட்டேன்டா. உன் அத்தான் போனப்புறம் நம்ம சலவை மெஷின் ஆறையும், பாய்லரையும், நீராவி இஸ்திரி மேடையையும் நம்ம கடை மேனேஜருக்குத் தவணையில வித்தேனே, ஞாபகம் இருக்கா? கடன் முழுசா தீர்ற வரைக்கும் அந்த மெஷின்கள் மேல முதல் உரிமை எனக்குத்தான்னு பதிவு ஆபீஸ்ல அடமானப் பதிவு போட்டோம். அப்ப ரெண்டு தடவை திருப்பி அடிச்சாங்க. முதல்ல, கடை போர்டுல இருக்கிற பேரை எழுதிட்டேன், கம்பெனியா பதிஞ்ச பேர்தான் வேணுமாம். அடுத்தது, "எல்லா மெஷின்களும்"னு மொட்டையா எழுதினேன், எது எதுன்னு சொல்லணுமாம். உன் ஊர்ப் பதிவு ஆபீஸ்ல உத்தியோகம் பார்க்கிற நீதான் அங்கிருந்தே திட்டித் திட்டிச் சரி பண்ணிக் கொடுத்தே.

அந்தப் பதிவுக்கு ஆயுசு அஞ்சு வருஷம். வர்ற நவம்பர் 20-ஓட முடியுது. விட்டா என் உரிமை போச்சு. எனக்கு அப்புறமா அதே மெஷினை வெச்சு மேனேஜருக்குக் கடன் கொடுத்த பேங்க் முன்னாடி வந்து உட்கார்ந்துக்கும். அதனால போன வாரமே போய்ப் புதுப்பிச்சுட்டேன்! ஒன்பது மாசம் முன்னாடியே! கவுன்ட்டர்ல ஒரு ஈ காக்கா இல்லை. சீல் குத்திக் கையில கொடுத்துட்டாங்க, சீட்டோட நகல் இதோட இருக்கு. ஏழாம் மாசமே பிறந்தவடா நான், என்கிட்டயா?

வர்ற மாசங்கள்ல கொஞ்சம் வேலை இருக்கு, அதான் இதைத் தள்ளிப்போட வேணாம்னு பார்த்தேன். வேற ஒண்ணும் இல்லை.

எல்லாரையும் கேட்டதா சொல்லு. வழக்கம்போல ஒரு மாசம் கழிச்சாவது பதில் போடு.

உன் அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

தம்பி எழுதுறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். முட்டி அப்படியேதான் இருக்கு. தும்மல் இவளை விட்டுட்டு என்கிட்ட வந்துடுச்சு. பதில் தாமதம், மன்னிச்சுடு. நாளைக்கு எழுதலாம்னு இருந்தேன், அந்த நாளைக்குதான் இன்னிக்கு வந்துச்சு.

அக்கா, கோபப்படாம படி. நீ போட்ட புதுப்பிப்பு செல்லாது.

புதுப்பிக்கிறதுக்குன்னு ஒரு வாசல் இருக்கு. கடைசி ஆறு மாசம்தான் அது திறக்கும். உனக்கு மே 20-லதான் ஆரம்பம். அதுக்கு முன்னாடி போட்டா போடாத மாதிரிதான். தாமதமா வந்து தோத்தவங்களை என் கவுன்ட்டர்ல தினம் பார்க்கிறேன். முந்தி வந்து தோத்தவ எனக்குத் தெரிஞ்சு நீ ஒருத்திதான்.

சீல் குத்தினாங்களேன்னு கேப்பே. சீல்னா வாங்கிக்கிட்டோம்னு அர்த்தம், சரியா இருக்குன்னு அர்த்தம் இல்லை. உன் ஊர் ஆபீஸ்ல தேதியைப் பார்க்காம வாங்கிப் போட்டுட்டாங்க. திருப்பி அடிச்சிருந்தா உனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். இந்த உத்தியோகத்துல இருந்துக்கிட்டு சொல்றேன், திருப்பி அனுப்புறவன் நல்லவன்க்கா. வாங்கி வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கிறவனைத்தான் நம்பக் கூடாது.

ஒண்ணும் கெட்டுப்போகலை. மே 20-க்கு அப்புறம் மறுபடி போடு. ஒண்ணே ஒண்ணு: அதுல மூலப் பதிவோட நம்பரை எழுதணும். பிப்ரவரி சீட்டு நம்பரை எழுதிடாதே. அது செத்த நம்பர்.

அது என்ன "கொஞ்சம் வேலை"? உன் எழுத்து ஏன் கீழ்ப்பக்கமா சாயுது?

உடம்பைப் பார்த்துக்கோ.

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

அக்கா. நீங்க எல்லாரும் நல்லா இருங்க. நான் நல்லா இல்லை, கொதிச்சுப் போயிருக்கேன்.

உன் கடிதம் வந்த அன்னிக்கே பதிவு ஆபீஸுக்குப் போனேன். கவுன்ட்டர்ல ஒரு சின்னப் பொண்ணு. அவ பார்த்துட்டு, "ஆமாம்மா, இது செல்லாது"ன்னு, ஏதோ மழை வருதும்மாங்கிற மாதிரி சொல்றா. அப்புறம் ஏன்டியம்மா வாங்கினேன்னு கேட்டேன். "நீங்க கொடுத்தீங்க"ங்கிறா! நல்லா திட்டித் தீர்த்துட்டு வந்தேன்.

வாழ்க்கையில நான் எதுக்கும் லேட்டா போனது கிடையாது. பஸ் ஸ்டாண்டுல டிரைவருக்கு முன்னாடி போய் உட்கார்ந்தவ நான். என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை நான்தான் வாசல்ல நின்னு வரவேற்றேன். இப்ப முந்தினது தப்புங்கிறாங்க. சரி, மே 20.

ஒரு சந்தேகம். எனக்குப் பதிலா வேற யாராவது போய்ப் போட முடியுமா? சும்மா கேக்கிறேன்.

எழுத்து சாயுதுன்னா பேனா சரியில்லை.

உன் அக்கா

ஏப்ரல் 27

அக்காவுக்கு,

தம்பி. இங்க சுகம். அங்க சுகம்னு நீ எழுதலை, கவனிச்சேன்.

நீ கையெழுத்துப் போட்டு அதிகாரம் கொடுத்தா யார் வேணும்னாலும் போய்ப் போடலாம். ஆனா நீ சும்மா எதையும் கேக்கிறவ இல்லை. காய்கறிக்காரர்கிட்ட விலை கேட்டா வாங்காம நகராத ஆளு நீ.

என்ன விஷயம்? உடனே எழுது. நீதான் உடனே எழுதுறவ ஆச்சே.

தம்பி

மே 9

அண்ணனுக்கு,

வணக்கம். வீட்டுல எல்லாரும் நலமா? நான் சலவைக் கடையில இஸ்திரி மேடையில நிக்கிறவ. அக்கா முதலாளியா இருந்த நாள்ல இருந்து இங்கதான் இருக்கேன். நீங்க ஒரு தடவை வந்தப்ப உங்க சட்டைக்கு நான்தான் இஸ்திரி போட்டேன், காலர்ல மை இருந்துச்சு.

உங்க கடிதம் அக்கா வீட்டு மேஜை மேல பிரிச்சபடி கிடக்குது. பதில் எழுதலையான்னு கேட்டேன். அவனை எதுக்குப் பயமுறுத்தணும்னு சொல்லிட்டாங்க. எழுத வேணாம்னு என்கிட்டயும் சத்தியம் கேட்டாங்க. நான் இருமி சமாளிச்சுட்டேன், சத்தியம் பண்ணலை.

அக்காவுக்கு நெஞ்சுல வால்வு கெட்டுப்போச்சு. ஜனவரியிலேயே தெரியும். ஆபரேஷன் மே 20 காலையில. "பாய்லருக்கு மூணு தடவை வால்வு மாத்தியிருக்கேன், எனக்கு ஒரு தடவைதானே"ன்னு சிரிக்கிறாங்க. ஆனா பீரோவைத் துடைச்சு வெச்சு, சாவியை என்கிட்ட கொடுத்துட்டாங்க. அதை முந்தானையில முடிஞ்சுக்கிட்டே சுத்துறேன் அண்ணா.

பதிவு வேலைக்குக் கையெழுத்துப் போட்ட தாளும் என்கிட்டதான் இருக்கு. வாசல் திறக்கிற முதல் நாளே போட்டாகணுமாம், அந்த நாள் பார்த்துதானா டாக்டர் தேதி கொடுக்கணும்னு அக்கா புலம்புறாங்க. நான் போய் நிக்கிறேன்னு சொன்னேன். எனக்குத் துணி மடிக்கத் தெரியும், தாள் மடிக்கத் தெரியாது. தப்பாயிடுமோன்னு பயமா இருக்கு.

நான் எழுதினேன்னு சொல்லிக் கொடுத்துடாதீங்க.

இஸ்திரிக்காரி

மே 20, சாயங்காலம்

அக்காவுக்கு,

இதை எழுதுறது உனக்கு ரெண்டு மாடி கீழே, ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்து. உள்ளே விட மாட்டேங்கிறாங்க. கண்ணைத் திறந்ததும் கொடுங்கன்னு நர்ஸ்கிட்ட கெஞ்சியிருக்கேன். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு டாக்டர் சொன்னார். அதைக் கேட்டுட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். ஜனவரியில இருந்து தெரிஞ்சும் சொல்லலையே! அதுக்கு உன்னைத் திட்ட நாலு பக்கம் வெச்சிருக்கேன், எழுந்து உட்கார்ந்ததும் தர்றேன்.

பதிவு போட்டாச்சு. நடந்ததைக் கேளு.

நீ கையெழுத்துப் போட்ட தாளோட, இஸ்திரித் தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு, காலையில பதிவு ஆபீஸ் கதவு திறக்கிறதுக்கு முன்னாடியே போய் நின்னேன். நான்! பத்து நாள் தாமதமா பிறந்தவன்னு அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக் காட்டினாளே, அந்த நான். காவல்காரர் வந்து, "ஆபீஸ் திறக்க இன்னும் நேரம் இருக்கே, ஏன் இவ்வளவு சீக்கிரம்?"னு சந்தேகமா பார்த்தார். எனக்கு முன்னாடி யாருமே இல்லை. நீ ஏன் இந்த சுகத்துக்கு அடிமையானேன்னு புரிஞ்சுது.

அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட தாளைக் கொடுத்தேன். அவ ஒரு நிமிஷம் பார்த்தா. அப்படியே திருப்பித் தள்ளினா. "சார், இது பிப்ரவரி பதிவோட நம்பர். மூலப் பதிவு நம்பர் வேணும்."

எத்தனை பேருக்குத் திருப்பி அனுப்பினவன் நான்! அந்த நம்பரை எழுதாதேன்னு உனக்குப் பாடம் வேற எடுத்தவன். ராத்திரி ரயில்ல, உன்னை நினைச்சுக்கிட்டே, நீ அனுப்பின பிப்ரவரிச் சீட்டு நகலைப் பார்த்து எழுதித் தொலைச்சிருக்கேன். முகத்தை எங்க கொண்டு போய் வெச்சுக்கிறதுன்னு தெரியலை. அந்தப் பொண்ணு மேல கோபம் மட்டும் வரலை. தேதி பார்க்காம வாங்கின அதே பொண்ணுதான். உன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டதுல இருந்து எல்லாத்தையும் ரெண்டு தடவை பார்க்கிறாளாம்.

மூலச் சீட்டு பீரோவுல இல்லை. ஆபீஸ்ல பழைய பதிவைத் தேடி எடுக்க ரெண்டு நாள் ஆகுமாம். எங்க வெச்சேன்னு உன்னைக் கேக்கலாம்னா நீ மயக்கத்துல. நான் பித்துப் பிடிச்ச மாதிரி நின்னேன். இஸ்திரித் தங்கச்சிதான் சட்டுனு சொன்னா: "அக்கா எதுக்கும் குறி போடாம விட்டதில்லையே அண்ணா." நேரா கடைக்கு ஓடினா. உன் பெரிய மெஷினுக்குப் பின்னாடி, தகட்டுக்குக் கீழே, ஆஸ்பத்திரித் துணிக்குக் குறி போடுற அழியாத மையில, அந்த நம்பரை நீ எழுதி வெச்சிருக்கே! ஆறு மெஷின்லயும்! பாய்லர் மேல கூட! அவ ஆறையும் ஒத்துப் பார்த்து, உள்ளங்கையில எழுதிக்கிட்டு வந்தா. அவ கையைப் பார்த்து நான் எழுதினேன். மத்தியானத்துக்குள்ள ஏத்துக்கிட்டாங்க. இந்தத் தடவை அது வெறும் சீல் இல்லை, ஒவ்வொரு வரியையும் நானே சரிபார்த்தேன்.

நீ எழுந்துக்கோ. அவசரமே இல்லை. மெதுவா எழுந்துக்கோ.

தம்பி

மே 25

தம்பிக்கு,

நர்ஸ் உன் கடிதத்தைக் கொடுத்தா, எழுதத் தாளும் கொடுத்தா. எழுத்து சாயுது. இந்தத் தடவை பேனா நல்லாத்தான் இருக்கு.

அழுதேன்டா. தையல் வலிக்குது, அழ வைக்காதே.

ஒரு விஷயம். இங்க விரிச்சிருக்கிற விரிப்பு நம்ம மெஷின்ல துவைச்சதுதான், குறி இருக்கு. மூணு தண்ணி அலச வேண்டியதை ஒரு தண்ணியில எடுத்திருக்கான் மேனேஜர். ஓரமெல்லாம் சோப்புக் காரம். ஈரத்தோட மடிச்சு நாத்தம் வேற. தண்ணிக்கும் எரிபொருளுக்கும் கூட வழியில்லாத நிலைமைன்னு அர்த்தம். இவன் ரொம்ப நாள் தாங்க மாட்டான். படுத்துக்கிட்டே சொல்றேன், எழுதி வெச்சுக்கோ.

நாளைக்கு உள்ளே விடுவாங்களாம். நாலு பக்கத்தையும் எடுத்துட்டு வா.

அக்கா

செப்டம்பர் 15

தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். நல்லா இருக்கேன். தினம் தெருமுனை வரைக்கும் நடக்கிறேன். நீயும் வீட்டுக்காரியும் பொண்ணும் நலம்தானே?

நான் படுக்கையில சொன்னது நடந்துடுச்சு. மேனேஜர் கடையைப் பூட்டிட்டு ஆள் காணாம போயிட்டான். தவணை நின்னு போய் மூணு மாசம் ஆச்சு. எட்டுப் பொம்பளைங்க வேலையில்லாம நிக்கிறாங்க. இஸ்திரிக்காரி வீட்டு வாசல்ல மேஜை போட்டுத் தேய்க்கிறா. ஒவ்வொருத்தியும் வந்து, "எப்பக்கா திறப்பீங்க"ன்னு கேக்கிறா. மெஷின் என் கைக்கு வந்தா அடுத்த நாளே திறப்பேன். வரலைன்னா இத்தனை வருஷம் நானும் அத்தானும் கட்டினது மொத்தமும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். எனக்கு வேற சொத்தும் இல்லை, வேற ஆசையும் இல்லை.

பேங்க் வக்கீல் ஒருத்தர் வர்றார். தேன் ஒழுகப் பேசுறார். "உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கலாம்மா." ஆனா தேதி கொடுக்கிறார், தள்ளிப்போடுறார். மறுபடி தேதி, மறுபடி தள்ளல். எனக்குப் பத்திக்கிட்டு வருது. மே மாசத் தாளைக் கொண்டு போய் அவர் மேஜையில அடிக்கட்டுமா?

உன் அக்கா

செப்டம்பர் 21

அக்காவுக்கு,

தம்பி. எல்லாரும் நலம். பார்த்தியா, ஒரே வாரத்துல பதில்.

தள்ளிப்போடுறதுல எனக்குத் தெரியாத வித்தை கிடையாது. சோம்பேறி தள்ளிப்போட்டா தேதியே சொல்ல மாட்டான். தேதி சொல்லிச் சொல்லித் தள்ளுறவன் எதுக்கோ காத்திருக்கான். உன் வக்கீல் எந்தத் தேதி வரைக்கும் போறார்னு பாரு. நவம்பர் 20 தாண்டுச்சுன்னா விஷயம் புரிஞ்சுது: அவர் பிப்ரவரிக்கும் மே 20-க்கும் நடுவுல, ஏப்ரல் மாதிரி, பதிவைத் தேடிப் பார்த்திருக்கார். உன் பிப்ரவரிச் சீட்டு மட்டும் கண்ணுல பட்டிருக்கு. அது செல்லாதுன்னு அவருக்குத் தெரியும். மூலப் பதிவு காலாவதியாகட்டும், அப்புறம் எல்லாத்தையும் அள்ளிக்கலாம்னு உட்கார்ந்திருக்கார்.

பதிவு யார் வேணும்னாலும் போய்ப் பார்க்கிற இடத்துலதான் இருக்கு. நாம எதையும் ஒளிக்கலை. அவர் கேட்டா காட்டு. கேக்கலைன்னா கேக்கிற வரைக்கும் இரு. இப்பவே மேஜையில அடிச்சா, அதுல ஏதாவது ஓட்டை இருக்கான்னு தோண்டிக்கிட்டு இன்னும் இழுப்பார். உனக்கு இது ஆபரேஷனை விடக் கஷ்டம்னு தெரியும். இருந்தாலும் இரு.

மாத்திரையை நேரத்துக்குப் போடு. நேரத்துக்கு முன்னாடி இல்லை.

தம்பி

டிசம்பர் 2

தம்பிக்கு,

டேய், ஜெயிச்சுட்டோம்டா!

நலம் விசாரிக்கிறதெல்லாம் கடைசியில. முதல்ல இதைக் கேளு. இன்னிக்குத்தான் வக்கீல் தேதி. லாரியோடவே வந்தார்! பளு தூக்குற ஆள் நாலு பேர், கையில சங்கிலி. கடை வாசல்ல எட்டுப் பொம்பளைங்களும் நிக்கிறாங்க. நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கேன்.

பையில இருந்து என் பிப்ரவரிச் சீட்டோட நகலை எடுத்தார். "அம்மா, வருத்தமான விஷயம். நீங்க புதுப்பிச்சது உண்மைதான். ஆனா காலத்துக்கு முன்னாடியே போட்டுட்டீங்க. இது செல்லாது. உங்க மூலப் பதிவு நவம்பர் 20-ஓட முடிஞ்சு போச்சு." முகத்துல அப்படி ஒரு இரக்கம். நான் குறுக்கே பேசலைடா. அவர் முழுசா முடிக்கட்டும்னு இருந்தேன். சட்டப் பிரிவெல்லாம் சொன்னார். நீ மார்ச்ல எழுதினதையேதான் சொன்னார், உன்னை மாதிரி புரியும்படி சொல்லலை.

"இவ்வளவுதானா சார்?"னு கேட்டேன். இவ்வளவுதான்னார். மே 20 தாளை நீட்டினேன்.

படிச்சார். மறுபடி படிச்சார். "இது எப்ப...?"ன்னார். "என் நெஞ்சைத் திறந்து வெச்சிருந்த நேரத்துல சார், என் தம்பி போய்ப் போட்டான்"னேன். நம்பர் ஒத்துப்போகுதான்னு பார்க்கணும்னார். இஸ்திரிக்காரி அவரைக் கையோட கூட்டிட்டுப் போய், பெரிய மெஷினுக்குப் பின்னாடி குனிய வெச்சா. கோட்டு முழுக்க அழுக்கு. ஆறு மெஷினுக்கும் குனிஞ்சார். பாய்லருக்கு ஏணி போட்டோம்.

இறங்கி வந்து, யாருக்கோ போன் பண்ணி, அரைமணி நேரம் திட்டு வாங்கினார். அப்புறம் என்கிட்ட வந்து, "முதல் உரிமை உங்களோடதுதான்மா"ன்னு ஒத்துக்கிட்டார். நல்ல மனுஷன்தான், பாவம். ஏப்ரல்ல ஒரு தடவை பார்த்துட்டு, மறுபடி பார்க்க சோம்பல் பட்டுட்டார். லாரி காலியா திரும்பிப் போச்சு. பொம்பளைங்க போட்ட கூச்சல்ல எதிர்க் கடைக்காரர் ஷட்டரை இறக்கிட்டார், ஏதோ கலவரம்னு!

நாங்க எல்லாரும் நலம். ரொம்ப ரொம்ப நலம்.

உன் அக்கா

பிப்ரவரி 12

தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். உன் முட்டி, வீட்டுக்காரி, பொண்ணு, அந்தத் தும்மல், எல்லாரும் சௌக்கியமா?

இந்தக் கடிதம் பூரா மெஷின் சத்தத்துக்கு நடுவுல எழுதுறது. ஆறும் ஓடுது. சட்டப்படி நடக்க வேண்டியதை நடத்தி மெஷினெல்லாம் என் பேருக்கு வந்ததும், எட்டுப் பேரையும் கூட்டா சேர்த்து அவங்களுக்கே தவணையில கொடுத்துட்டேன். இஸ்திரிக்காரிதான் தலைவி. வந்த முதல் நாளே என்னை, "அக்கா, நாற்காலியை வழியில போடாதீங்க"ன்னு அதட்டிட்டா. கணக்கும் கத்தலும் என் பொறுப்பு. ஆஸ்பத்திரி விரிப்பு மறுபடி நம்மகிட்டயே வந்துடுச்சு. மூணு தண்ணி, குறைஞ்சா தொலைச்சுடுவேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

நேத்து இந்தக் கூட்டுப் பேர்ல புதுசா அடமானப் பதிவு போட்டேன். பதிஞ்ச பேர் சரி, ஒவ்வொரு மெஷினும் தனித்தனியா சரி. முதல் தடவையே ஏத்துக்கிட்டாங்க! அந்தச் சின்னப் பொண்ணு ரெண்டு தடவை படிச்சுட்டு, "அம்மா, ஒண்ணும் திருப்ப இல்லை"ன்னு வருத்தப்பட்டுச்சு.

டாக்டர்கிட்டயும் போனேன். வால்வு பாட்டுக்கு ஓடுதாம். இனி அடுத்த வருஷம் வந்தா போதும்னார். முன்னாடியே வரட்டுமான்னு கேட்டேன். வராதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டார்.

போன வருஷம் இதே நாள் உனக்கு எழுதினேன், ஒன்பது மாசம் முந்திட்டேன்னு பீத்திக்கிட்டு. இப்ப சொல்லிடுறேன். அது சாமர்த்தியம் இல்லைடா, பயம். நவம்பர்ல நான் இருக்க மாட்டேன்னு நினைச்சுத்தான் பிப்ரவரியிலேயே ஓடினேன்.

இந்தப் புதுப் பதிவுக்குப் புதுப்பிக்கிற வாசல் திறக்க நாலரை வருஷம் இருக்கு. காலண்டர்ல அவ்வளவு தூரத்துக்குத் தாள் கிடையாது. அதனால பெரிய மெஷினுக்குப் பக்கத்துச் சுவர்ல, அழியாத மையில, அந்தத் தேதியை எழுதி வெச்சுட்டேன். அன்னிக்கு ஆபீஸுக்கு யார் போகணும்னு இஸ்திரிக்காரி கேட்டா. தேதிக்குக் கீழே என் கையாலயே "நான்"னு எழுதினேன்.

அன்னிக்கு வரிசையில நானேதான் நிப்பேன். நீயும் துணைக்கு வா. அதுவரைக்கும் இருப்பேன், முந்த மாட்டேன்.

உன் அக்கா